ஸ்டூடன்ட் என்று கையெழுத்திட்டவர்: பீர் ஆலையில் 38 வருடம், கையில் நாலு சாம்பிள்

திருவண்ணாமலையிலிருந்து பேசுறேன். இன்னிக்கு எபிசோட் ஒரு இரங்கல் கட்டுரையைப் பத்தினது. இறந்தவர் அரசியல்வாதியும் இல்லை, சினிமாக்காரரும் இல்லை. ஒரே பீர் ஆலையில் 38 வருடம் வேலை பார்த்து, 1937-ல் இறந்துபோன ஒரு ஊழியர். "கிரிவலம் போற ஊர்ல உட்கார்ந்துகிட்டு பீர் கதையா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு உத்தரவாதம்: இந்த எபிசோட்டில் யாரும் ஒரு சொட்டுகூட குடிக்கப் போவதில்லை. பார்லி வரும், பால் வரும், நெல்லும் வரும்.

1939-ல் 'பயோமெட்ரிகா' என்ற ஆய்விதழில் அந்த இரங்கல் கட்டுரை வந்தது. பயோமெட்ரிகா லண்டனிலிருந்து வந்த புள்ளியியல் இதழ். பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடு இருக்கும். கட்டுரை இரண்டு பகுதியாக இருந்தது. இரண்டாவது பகுதியை எழுதியவர் ஈகான் பியர்சன், பெரிய புள்ளியியல் பேராசிரியர். அவர் இறந்தவரின் கணக்குகளைப் பற்றி எழுதினார். ஆனால் முதல் பகுதியை எழுதியவர் மக்மல்லன், அதே பீர் ஆலையில் கூட வேலை பார்த்தவர். அவர் எழுதியது அந்த மனிதரைப் பற்றி.

இறந்தவரின் பெயர் வில்லியம் சீலி காசெட். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய இன்னொரு பெயரைப் பார்த்திருப்பீர்கள். காலேஜில் புள்ளியியல் ஒரு பேப்பராவது படித்திருந்தால், எஞ்சினியரிங், விவசாயம், எம்.பி.ஏ., எதுவாக இருந்தாலும், 'ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்' என்று ஒன்று வந்திருக்கும். மாணவர்களுக்கான டெஸ்ட் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஸ்டூடன்ட் என்பது ஒருவருடைய புனைபெயர். காசெட் தன் கட்டுரைகளுக்குக் கீழே போட்டுக்கொண்ட பெயர் அது.

காசெட் 1876 ஜூன் 13-ம் தேதி இங்கிலாந்தில் கேன்டர்பரியில் பிறந்தார். அப்பா ராணுவத்தின் பொறியியல் பிரிவில் கர்னல். பையனும் அதே பிரிவுக்குப் போயிருக்க வேண்டியது. கண்பார்வை சரியில்லாததால் முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்து, இரண்டிலும் முதல் வகுப்பு வாங்கினார். 1899-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக்குப் போய் கின்னஸ் பீர் ஆலையில் ஜூனியர் ப்ரூவராகச் சேர்ந்தார். ப்ரூவர் என்றால் பீர் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள்.

ஆக்ஸ்ஃபோர்டில் முதல் வகுப்பு வாங்கியவருக்கு பீர் ஆலையில் என்ன வேலை? 1759-ல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் ஒரு பழைய ஆலையை வருடம் 45 பவுண்டு வாடகைக்கு, 9,000 வருடக் குத்தகைக்கு எடுத்தார். ஆமாம், ஒன்பதாயிரம். காசெட் சேர்ந்த காலத்தில் அது உலகத்திலேயே மிகப்பெரிய பீர் ஆலைகளில் ஒன்றாக ஆகிவிட்டது. சின்ன ஆலையில் அனுபவமுள்ள ஒரு மேஸ்திரி ஹாப்ஸ் பூவைக் கசக்கி மோந்து பார்ப்பார், மால்ட்டைக் கடித்துப் பார்ப்பார், அதோடு வேலை முடிந்தது. அவ்வளவு பெரிய ஆலைக்கு மூக்கும் நாக்கும் போதவில்லை. அதனால் 1890-களிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அறிவியல் படித்த இளைஞர்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு கேம்பஸ் இன்டர்வியூ மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

வந்த பசங்க அளக்க ஆரம்பித்தார்கள். இந்த மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரைச் சத்து இறங்குகிறது? இந்த ஹாப்ஸில் பிசின் எவ்வளவு? அளந்தவுடனே ஒரு சிக்கல் வந்தது. ஒரே மால்ட்டை நாலு தடவை சோதித்தால் நாலு விதமாக நம்பர் வருகிறது. எதை நம்புவது? சராசரி எடுக்கலாம். ஆனால் நாலின் சராசரியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நம்ம பக்கத்தில் இது புதுக் கேள்வியே இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கமிட்டியில் மல்லாட்டை மூட்டை வந்து இறங்கினால், வியாபாரி கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உடைத்து, பருப்பைப் பார்த்துவிட்டு விலை சொல்கிறார். அந்த ஒரு பிடிதான் அந்த விவசாயிக்கு அன்றைய வருமானம். பானைச் சோற்றுக்கு அந்தப் பழமொழி சரி. ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு, கிளறியும் விடுகிறோம். ஆனால் மூட்டையை யாரும் கிளறுவதில்லை. வயலைக் கிளறவே முடியாது. அங்கே எத்தனை பிடி போதும்?

காசெட்டுக்கு வேலையில் வந்து நின்ற கேள்வி இதுதான். 1904-ல் அவர் ஆலைக்குள்ளேயே ஒரு அறிக்கை எழுதினார். பிழைகள் பற்றிய கணித விதியை ஆலை வேலைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் அதன் தலைப்பு. ஆலையில் அதிகக் கணிதம் தெரிந்த ஆள் என்று இவரிடம் தள்ளிவிட்டார்கள். ஆனால் இவருக்கும் ஒரு இடத்துக்கு மேல் போகவில்லை. அந்தக் காலத்துப் புள்ளியியல் எல்லாம் ஆயிரக்கணக்கில் அளவுகள் இருந்தால்தான் செல்லுபடியாகும். அதன் பெரிய தலை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருந்த கார்ல் பியர்சன், நான் முதலில் சொன்ன ஈகான் பியர்சனின் அப்பா. 1905 ஜூலையில், பியர்சன் கோடை விடுமுறைக்குத் தங்கியிருந்த கிராமத்துக்கு காசெட் சைக்கிள் மிதித்துக்கொண்டு போய் அவரைப் பார்த்தார்.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு கின்னஸ் அவரை 1906-லிருந்து ஒரு கல்வியாண்டு பியர்சனின் ஆய்வகத்துக்கு அனுப்பி வைத்தது. சம்பளத்தோடு படிப்பு. அங்கே முதலில் எழுதியது ஈஸ்ட் பற்றி. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் சின்னச் சின்னக் கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு துளி விட்டு ஈஸ்ட் செல்களை எண்ணும்போது எவ்வளவு பிழை வரும் என்ற கணக்கு. 1907-ல் வந்தது. அடுத்த வருடம், 1908 மார்ச்சில், அவரை இன்று வரை பேச வைத்த கட்டுரை வந்தது.

சாஃப்ட்வேர்காரனாக எனக்கு அந்தக் கட்டுரையில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. காசெட்டிடம் ஒரு சூத்திரம் இருந்தது. கொஞ்சம் கணிதம், கொஞ்சம் ஊகம். முழு நிரூபணம் இல்லை. சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? போலீஸ் பதிவுகளில் இருந்த 3,000 குற்றவாளிகளின் உயரமும், இடது கை நடுவிரலின் நீளமும் ஏற்கெனவே அச்சில் வந்திருந்தது. அவர் 3,000 அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஆளின் அளவுகளை எழுதினார். நன்றாகக் கலைத்தார். நாலு நாலாகப் பிரித்தார். 750 குட்டிக் குழுக்கள் கிடைத்தன. ஒவ்வொரு குழுவுக்கும் கையால் சராசரி, கையால் சிதறல். மொத்தத்தையும் வரைந்து, தன் சூத்திரம் சொன்ன வளைவோடு ஒப்பிட்டார். கிட்டத்தட்டப் பொருந்தியது.

இன்றைக்கு இதற்குப் பெயர் சிமுலேஷன். பைத்தானில் பத்து வரி, ஓடி முடிக்க ஒரு விநாடிகூட ஆகாது. கம்ப்யூட்டர் வருவதற்கு முப்பது நாற்பது வருடம் முன்னால் இவர் அதைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துச் செய்திருக்கிறார்.

அவர் கண்டுபிடித்தது என்ன? அதை நம்ம ஊர் உதாரணம் ஒன்றில் வைத்துச் சொல்கிறேன். நம்பர்கள் நான் கற்பனையாகப் போட்டவை. நெல் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று நாலு இடத்தில் அறுத்து எடை போடுகிறோம். சராசரி 12 கிலோ. நாலும் ஒன்றுக்கொன்று விலகி இருப்பதைக் கணக்கிட்டால், திட்ட விலக்கம் 2 கிலோ. பழைய முறைப்படி 95 சதவீத நம்பிக்கையோடு என்ன சொல்வோம்? உண்மையான சராசரி, 12-க்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 1.96 கிலோவுக்குள் இருக்கும் என்போம். அதாவது கிட்டத்தட்ட 10-லிருந்து 14.

அவசரப்படாதீர்கள் என்கிறார் காசெட். சராசரியை நாலு இடத்திலிருந்து ஊகித்தோம், சரி. அந்த 2 கிலோ விலகல்? அதையும் அதே நாலு இடத்திலிருந்துதானே ஊகித்தோம்? அளக்கிற கோலே கொஞ்சம் ஆடுகிறது. இரண்டாவது ஆட்டத்தையும் சேர்த்தால், நாலு சாம்பிளுக்கு 1.96 போதாது, 3.18 வேண்டும். வரம்பு 8.8-லிருந்து 15.2 வரை விரிகிறது. ஹெக்டேர் கணக்குக்கு மாற்றினால் சுமார் மூன்றரை டன்னிலிருந்து ஆறு டன்னுக்கு மேல். பத்து சாம்பிள் எடுத்தால் 3.18 என்பது 2.26 ஆகக் குறையும். முப்பது எடுத்தால் 2.05. கூட்டக் கூட்ட பழைய 1.96-க்குப் பக்கத்தில் வந்துவிடும். எத்தனை சாம்பிளுக்கு எவ்வளவு ஜாக்கிரதை என்று முதல்முதலாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் இவர்.

பியர்சனுக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. இவ்வளவு குறைவாக சாம்பிள் எடுப்பது குறும்புக்கார ப்ரூவர்கள் மட்டும்தான் என்கிற மாதிரி ஒரு கடிதத்தில் கிண்டல் செய்திருக்கிறார். பேராசிரியருக்கு ஆயிரம் அளவு கிடைக்கும். ஆலைக்காரருக்கு ஒரு பார்லி ரகத்தை ஒரு பாத்தியில் போட்டால், வருடத்துக்கு ஒரே ஒரு நம்பர்.

சரி, இவ்வளவு செய்தவர் ஏன் சொந்தப் பெயரைப் போடவில்லை? கம்பெனி ரூல். ஊழியர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடலாம், ஆனால் சொந்தப் பெயரில் கூடாது, கம்பெனி பெயரும் வரக்கூடாது. புள்ளியியலைத் தொழிலுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதே போட்டியாளருக்குத் தெரியக்கூடாத விஷயம். இப்போது நாங்கள் கையெழுத்துப் போடுகிற என்டிஏ மாதிரி. காசெட்டுக்குப் பிறகு வந்த கின்னஸ் ஊழியர்களும் 'சோஃபிஸ்டர்', 'மாத்தடீஸ்' என்றெல்லாம் புனைபெயரில் எழுதினார்கள். ஸ்டூடன்ட் யார் என்று துறைக்குள் நெருக்கமாக இருந்தவர்களுக்குத் தெரியும். வெளியே வாசிக்கிறவர்களுக்கு அது ஒரு பெயர் மட்டும்தான். அதனால்தான் அந்த இரங்கல் கட்டுரைக்கு இரண்டு பகுதி தேவைப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இதழ் வாசகர்களுக்கு ஸ்டூடன்ட்டைத் தெரியும், காசெட்டைத் தெரியாது. அவரை அறிமுகம் செய்து வைக்க, பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒருவர் வர வேண்டியிருந்தது.

மக்மல்லன் காட்டுகிற காசெட் எப்படிப்பட்டவர்? பொறுமைக்காரர், யார் மேலும் வன்மம் இல்லாதவர். கணக்கை ஆடம்பரமாகச் செய்யமாட்டார், பழைய கவரின் பின்பக்கத்தில் கிறுக்கியே முடித்துவிடுவார். தோட்டம் போடுவார். பெர்ரிச் செடிகளைக் கலப்பினம் செய்து, வேடிக்கையாகப் பெயர் வைப்பார். தச்சு வேலை தெரியும். மீன் பிடிப்பதற்காக இரண்டு முனையிலும் சுக்கான் வைத்த ஒரு படகைத் தானே வடிவமைத்தார். 1934-ல் கார் ஓட்டும்போது ஒரு விளக்குக் கம்பத்தில் மோதி, தொடை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். படுத்துக்கொண்டே புள்ளியியல் செய்தார்.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. புள்ளியியல் உலகத்தில் சிலர் ஸ்டூடன்ட்டை, கின்னஸ் சம்பளம் கொடுத்து வைத்திருந்த புள்ளியியல் ஆலோசகர் என்று நினைத்தார்கள். வேறு சிலர், ஓய்வு நேரத்தில் கணக்குப் போடுகிற ஒரு ப்ரூவர் என்று நினைத்தார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டுமே விஷயத்தைத் தவற விடுகிறது என்கிறார் மக்மல்லன். அன்றாட வேலையில் வந்து நின்ற பிரச்சினையும் அவருடைய ஆராய்ச்சியும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன, பிரிக்கவே முடியாது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆலையின் சாதாரண ரொட்டீன் வேலைகளையும் காசெட் ஏராளமாகச் செய்திருக்கிறார்.

இது எனக்கு ஏன் முக்கியம்? நாம் மேதைகளை நினைவு வைத்துக்கொள்வதற்கு ஒரு டெம்ப்ளேட் வைத்திருக்கிறோம். ஆபீஸ் வேலை அவரைக் கட்டிப்போட்டது, திறமை ஒரு பக்கம் தவித்தது, இரவில் விளக்கு வைத்து உலகத்தை மாற்றினார் என்று. நம்ம ராமானுஜனைக்கூட சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் என்று ஆரம்பித்து அப்படித்தான் சொல்கிறோம். காசெட்டுக்கு அந்த டெம்ப்ளேட் பொருந்தாது. அவருடைய கேள்வியைக் கொடுத்ததே வேலைதான். பல்கலைக்கழகத்தில் இருந்திருந்தால் நாலு சாம்பிள் பிரச்சினை அவருக்கு வந்திருக்கவே வராது. கூட வேலை பார்த்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

ஆலைக்கு வெளியே இரண்டு விஷயங்களைச் சொன்னால் அவர் குணம் இன்னும் புரியும்.

ஒன்று, மனிதர்கள். 1912-ல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த 22 வயதுப் பையன் ஒருவன், காசெட்டின் சூத்திரத்துக்கு முழு நிரூபணம் எழுதி அனுப்பினான். பல பரிமாண வடிவியல். இவருக்குப் புரியவில்லை. நேரம் கிடைக்கும்போது படிக்கலாம் என்று விடுமுறைக்கு எடுத்துக்கொண்டு போய், தொலைத்தும் விட்டார். பையன் இன்னொரு தடவை அனுப்ப, அதைப் பியர்சனுக்கு அனுப்பி, மூன்று பரிமாணத்துக்கு மேல் போனால் எனக்குப் பழக்கமில்லை, நீங்கள் பாருங்கள் என்கிற மாதிரி எழுதினார். அந்தப் பையன்தான் ரொனால்ட் ஃபிஷர், இருபதாம் நூற்றாண்டுப் புள்ளியியலின் மிகப்பெரிய பெயர். நாம் இன்று படிக்கிற 'டி' என்ற வடிவத்துக்கு அதைக் கொண்டு வந்து, 1925-ல் எழுதிய புத்தகத்தின் மூலம் உலகம் முழுக்கப் பரப்பியவரும் ஃபிஷர்தான்.

பின்னாளில் ஃபிஷரும் பியர்சனும் ஜென்ம விரோதிகள். இரண்டு பேருக்கும் நண்பராக இருந்த மிகச் சிலரில் ஒருவர் காசெட். 1922-ல் தன் அட்டவணையை ஃபிஷருக்கு அனுப்பும்போது, இதை எப்போதாவது பயன்படுத்தப் போகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று எழுதினார். இன்றைக்கு எத்தனை லட்சம் பாடப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்த அட்டவணை இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

ஃபிஷரோடும் அவருக்குச் சண்டை இருந்தது, ஆனால் அது விஷயச் சண்டை. வயலில் இரண்டு ரகத்தை ஒப்பிடும்போது எந்த ரகத்தை எந்தப் பாத்தியில் போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய் என்றார் ஃபிஷர். காசெட், அயர்லாந்து முழுக்க பண்ணை பண்ணையாக பார்லி ரகங்களைச் சோதித்தவர். நிலம் ஒரு பக்கம் வளமாகவும் இன்னொரு பக்கம் வறட்சியாகவும் இருப்பது தெரிந்த பிறகும் ஏன் குலுக்க வேண்டும், முதல் ரகம், இரண்டாவது, இரண்டாவது, மறுபடி முதல் என்று சமமாகப் பரப்பி வைத்தால் நிலத்தின் ஏற்றத்தாழ்வு தானாகக் கழிந்துவிடுமே என்றார். கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் பற்றிய அவருடைய கடைசிக் கட்டுரை, இறந்த பிறகு 1938-ல் வந்தது. குலுக்கல் முறைதான் பாடப் புத்தகத்தில் ஜெயித்தது.

இரண்டாவது விஷயம், பால். 1930-ல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் 67 பள்ளிகளில் 20,000 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. 10,000 பேருக்கு நாலு மாதம் தினமும் முக்கால் பைன்ட் பால், மீதி 10,000 பேருக்குக் கிடையாது. இரண்டு கூட்டத்தின் உயரம், எடையையும் ஒப்பிட்டார்கள். இருபதாயிரம் பேர், சாம்பிளுக்குப் பஞ்சமே இல்லை. 1931-ல் ஸ்டூடன்ட் இதைக் கையில் எடுத்தார். யாருக்குப் பால், யாருக்கு இல்லை என்பதை முதலில் ஒழுங்காகத்தான் பிரித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு கூட்டமும் சமமாக இல்லாத மாதிரி தெரிந்தால் ஆசிரியர்கள் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். விளைவு, பால் குடித்த கூட்டம் ஆரம்பத்திலேயே மற்ற கூட்டத்தைவிட குள்ளமாகவும் எடை குறைவாகவும் இருந்தது. ஏன்? வறுமைப்பட்ட, மெலிந்த குழந்தைகளைப் பால் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அந்த ஆசிரியர்களைத் திட்ட முடியுமா? சத்துணவுக்கூடத்தில் முட்டை மிஞ்சினால் ஆயாம்மா யார் தட்டில் வைப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? இரக்கத்தில் செய்தது. ஆனால் அந்த இரக்கம் கணக்கைக் கெடுத்துவிட்டது. காசெட்டின் யோசனை எளிமையானது. ஒரே மாதிரி இரட்டைக் குழந்தைகள் 50 ஜோடி எடுங்கள், ஒருவருக்குப் பால் கொடுங்கள், இன்னொருவருக்கு வேண்டாம். இருபதாயிரம் பேரிடம் கிடைத்த அளவுக்கு நம்பகமான விடை, செலவில் ஒரு சிறு பங்கில் கிடைத்துவிடும் என்றார். எத்தனை பேர் என்பதைவிட யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது முக்கியம். சின்ன சாம்பிளோடு வாழ்க்கை முழுக்க மல்லுக்கட்டியவரால்தான் இதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்.

பிறகு கின்னஸ் லண்டனில் பார்க் ராயல் என்ற இடத்தில் புது ஆலை ஆரம்பித்தது. அதன் அறிவியல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள காசெட் 1935-ல் டப்ளினை விட்டுப் போனார். 1937-ல் தலைமை ப்ரூவர் ஆனார். ஒரு ப்ரூவருக்கு அதற்கு மேல் பதவி கிடையாது. கொஞ்ச நாள்தான் அதில் இருந்தார். அதே வருடம் அக்டோபர் 16-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். வயது 61.

அதற்கு மூன்று மாதம் கழித்து, 1938 ஜனவரியில், கல்கத்தாவில் இந்தியாவின் முதல் புள்ளியியல் மாநாடு நடந்தது. மகாலனோபிஸ் கூட்டியது. வந்து தலைமை தாங்கியவர் ஃபிஷர். டப்ளின் ஆலையில் பிறந்த கணக்கு, ஃபிஷரின் புத்தகம் வழியாகவும் அவர் பயிற்றுவித்தவர்கள் வழியாகவும் இந்திய வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு வேளாண் பல்கலைக்கழகம் ஒரு நெல் ரகத்தையோ மல்லாட்டை ரகத்தையோ வெளியிடும்போது, பழைய ரகத்தைவிட இத்தனை சதவீதம் கூடுதல் மகசூல் என்று சொல்கிறதே, அதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு இந்த வம்சம்தான். ஃபிஷர் 1939-ல் தனியாக ஒரு கட்டுரையில், சமகால அறிவியலின் மிக அசலான மூளைகளில் ஒன்று போய்விட்டது என்கிற பொருளில் எழுதினார். 1942-ல் கட்டுரைகள் எல்லாம் தொகுக்கப்பட்டு புத்தகமாக வந்தது. அதற்கும் முன்னுரை எழுதியவர் அதே மக்மல்லன்.

இனி இந்த எபிசோட்டை நான் செய்ய நினைத்த காரணத்துக்கு வருகிறேன்.

பயிர்க் காப்பீடு போட்ட விவசாயிக்கு மகசூல் இழப்பு வந்ததா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒவ்வொரு வயலையும் பார்ப்பதில்லை. அந்தப் பகுதியில் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, அளவான ஒரு சதுரத்தை அறுத்து, கதிரடித்து, எடை போடுவார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். அந்தச் சராசரி, உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால்தான் அந்தப் பகுதிக்கே இழப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளில், கிராமமோ ஊராட்சியோ ஒரு அலகாக இருந்தால், முக்கியப் பயிருக்குக் குறைந்தபட்சம் எத்தனை பரிசோதனை தெரியுமா? நாலு.

நாலு இடத்தை வைத்து ஒரு கிராமத்தின் வருமானம் முடிவாகிறது. நான் இதை ஊழல் என்றோ அலட்சியம் என்றோ சொல்ல வரவில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும், செலவு இருக்கிறது. ஆயிரம் இடத்தில் அறுக்க முடியாது. ஆனால் நாலு எடுத்தால் அந்தச் சராசரி எவ்வளவு ஆடும் என்பது 1908-லேயே தெரிந்த விஷயம். அந்த ஆட்டம் விவசாயிக்கு வருகிற பேப்பரில் எங்கேயும் இல்லை. ஒரே ஒரு நம்பர்தான் இருக்கும். நாலில் ஒரு சதுரம் ஏரிப் பாசனம் பாய்ந்த வயலில் விழுந்துவிட்டால், மேட்டு நிலத்துக்காரரின் நஷ்டம் கணக்கில் காணாமல் போகலாம்.

எங்கள் துறையிலும் இது தினம் நடக்கிறது. ஆப்பில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றுவோம். பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. ஏ/பி டெஸ்ட் என்போம். முடிவில் டேஷ்போர்டு பச்சையாக மாறி, வித்தியாசம் 'சிக்னிஃபிகன்ட்' என்று சொல்லும். அதன் அடியில் ஓடுவது பெரும்பாலும் காசெட்டின் கணக்கு, இல்லையென்றால் அதன் நெருங்கிய சொந்தம். பச்சை வந்தால் கைதட்டி, ரிலீஸ் செய்துவிடுவோம். காசெட் இதைப் பார்த்திருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்: சரி, வித்தியாசம் எவ்வளவு? அதனால் எவ்வளவு லாபம்? தப்பாக இருந்தால் எவ்வளவு நஷ்டம்? 1905-லேயே அவர் பியர்சனுக்கு இப்படி எழுதியிருக்கிறார்: எவ்வளவு உறுதி வேண்டும் என்பது, முடிவால் வரப்போகிற பண லாபத்தையும் பரிசோதனைக்கு ஆகும் செலவையும் பொறுத்தது. எல்லா விஷயத்துக்கும் ஒரே 95 சதவீதம் என்ற சடங்கு அவருடையது இல்லை, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சூத்திரம் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. அதோடு அவர் கேட்ட கேள்விகள் வழியில் நின்றுவிட்டன.

அதனால்தான் மக்மல்லன் எழுதிய அந்தச் சில பக்கங்கள் முக்கியம் என்று நினைக்கிறேன். காசெட்டின் சமன்பாட்டை ஈகான் பியர்சன் நமக்குச் சொல்லிவிட்டார், ஃபிஷரும் சொல்லிவிட்டார். அந்தச் சமன்பாட்டுக்குப் பின்னால் மால்ட் வாங்குகிற பணமும், பார்லி விதைக்கிற விவசாயியும், காலையில் முடிக்க வேண்டிய ரொட்டீன் வேலையும் இருந்தன என்பதைக் கூட வேலை பார்த்தவர்தான் சொல்ல முடிந்தது.

உங்கள் கம்பெனியிலோ, மில்லிலோ, பள்ளிக்கூடத்திலோ, முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருப்பார். எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும், எந்த நம்பரை நம்பக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அது எந்த மேனுவலிலும் இருக்காது. அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதி வையுங்கள். எழுதி எனக்கும் அனுப்புங்கள். கிடைக்கிறதை வைத்து வரும் மாதங்களில் ஒரு எபிசோட் செய்யலாம்.

கமிட்டியில் வேலை செய்கிறவர்கள், வேளாண் துறையிலோ புள்ளியியல் துறையிலோ அறுவடைப் பரிசோதனைக்கு வயலில் இறங்கியவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அங்கே நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று சொல்லுங்கள். சதுரம் எங்கே விழுகிறது, யார் கயிறு பிடிக்கிறார்கள், மழை வந்தால் என்ன செய்கிறீர்கள், எல்லாம் தெரிய வேண்டும். அடுத்த வாரம் பார்ப்போம்.